தென்னை மரத்துச் சாம்பல் திட்டும் கல்பாசியும் ஒன்றா? நம் டெல்டாவில் கல்பாசி விளையுமா?

பாமணிக்கரை எழுதியது:

வணக்கம். மன்னார்குடிக்குப் பக்கத்தில் எங்களுக்கு 60 மரம் உள்ள தென்னந்தோப்பு இருக்கிறது. எல்லாம் மாமனார் வைத்தது, 35 வயது மரங்கள். அடிமரத்திலிருந்து ஏணி எட்டும் உயரம் வரைக்கும் சாம்பலும் பச்சையும் கலந்த நிறத்தில் வட்ட வட்டமாகத் திட்டுகள், சில இடத்தில் ஒன்றோடொன்று சேர்ந்து தேசப்படம் வரைந்த மாதிரி இருக்கும். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து பார்க்கிறேன், ஒரு நாளும் அதைப் பற்றி யோசித்ததில்லை.

போன வாரம் பக்கத்துத் தோப்புக்காரர்கள் அரிவாளால் அதைச் சுரண்டி ஒரு முறம் நிறையச் சேர்த்துத் திண்ணையில் காய வைத்திருந்தார்கள். என்னவென்று கேட்டால், "இதுதாங்க கல்பாசி, கடையில் காசு கொடுத்து வாங்குகிறோம், நம் மரத்திலேயே சும்மா கிடக்கிறது" என்கிறார்கள். ஏதோ வீடியோவில் பார்த்தார்களாம். என் மாமியாரோ, அது மரத்துக்குப் பிடித்த சொறி, சுரண்டிவிட்டுச் சுண்ணாம்பு அடிக்காவிட்டால் மரம் போய்விடும் என்கிறார்.

மசாலாவா, நோயா, இல்லை இரண்டும் இல்லாத வேறு ஏதாவதா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். ஆள் கூப்பிட்டுச் சுரண்டச் சொல்வதற்கு முன்னால் தெரிந்துகொள்ள வேண்டும்.

கும்பகோணம் மளிகை எழுதியது:

அம்மா, முதலில் அந்த முறத்தில் இருப்பதைக் குழம்பில் போட வேண்டாம் என்று சொல்லுங்கள். அது கல்பாசி இல்லை.

நான் 22 வருடமாக மளிகைக் கடையில் உட்கார்ந்திருக்கிறேன், கல்பாசி மூட்டை பிரித்துப் பிரித்துக் கை பழகியிருக்கிறது. கல்பாசி என்றால் சருகு மாதிரி தனித்தனி இதழாக இருக்க வேண்டும். ஒரு பக்கம் சாம்பல், புரட்டினால் மறுபக்கம் கன்னங்கரேல். ஓரமெல்லாம் சுருண்டு அலை அலையாக நிற்கும். பச்சையாக முகர்ந்தால் பெரிய வாசனை இருக்காது, பழைய மரப்பெட்டியைத் திறந்த மாதிரி லேசாக வரும். சூடான எண்ணெயில் பட்டை, சோம்போடு போட்டதும்தான் அந்த மண்ணும் புகையும் கலந்த வாசனை எழும்பும். தென்னை மரத்தில் இருப்பதை நகத்தால் நெம்பிப் பாருங்கள், இதழாக வராது, பொடியாகத்தான் உதிரும். மரத்தோடு சாந்து பூசின மாதிரி ஒட்டிக் கிடக்கும்.

இன்னொன்று. கடையில் வாங்கிய கல்பாசியைத் தட்டில் கொட்டிப் பாருங்கள், மரப்பட்டைத் துண்டு ஒட்டியிருக்கும். பெயர்தான் கல்பாசி, நமக்கு வருவதில் பெரும்பங்கு மரத்திலிருந்து எடுத்தது. கன்னடத்தில் கல்லு ஹூவு, மராத்தியில் தகட் பூல், எல்லாமே கல்லில் பூத்த பூ என்றுதான் பெயர் வைத்திருக்கிறார்கள். எங்களுக்கு மூட்டை வருவது பெரும்பாலும் இமயமலைப் பக்கத்திலிருந்து பல கை மாறி. குமாவுன், கடுவால் மலைக்காடுகளில் கருவாலி மரங்களில் எடுப்பது என்று வடக்கத்தி வியாபாரி சொல்வார்.

அப்புறம் கல்பாசியும் கடல்பாசியும் வேறு வேறு. நோன்பு நேரத்தில் கூத்தாநல்லூர், நாகூர்ப் பக்கம் பாலில் காய்ச்சிச் செய்கிறார்களே, அந்தக் கடல்பாசி கடலில் வளரும் பாசியிலிருந்து எடுப்பது. செட்டிநாட்டுக் குறிப்பு சிலவற்றில் கல்பாசியையே கடல்பாசி என்று எழுதிவிடுகிறார்கள், அதை வைத்துக்கொண்டு வந்து கேட்பவர்களுக்கு நான் தினம் விளக்கம் சொல்கிறேன்.

பாமணிக்கரை எழுதியது:

நன்றி அண்ணே. நகத்தால் நெம்பிப் பார்த்தேன், நீங்கள் சொன்ன மாதிரியே பொடியாகத்தான் வந்தது. சரி, கல்பாசி இல்லை. அப்படியானால் இது என்ன? கல்பாசி ஏன் நம் ஊரில் வளர்வதில்லை? நம்மிடம் தண்ணீர் இருக்கிறது, ஈரம் இருக்கிறது, மரம் இருக்கிறது.

தாவரவியல் வாத்தியார் எழுதியது:

நல்ல கேள்வி அம்மா. கல்லூரியில் 30 ஆண்டு தாவரவியல் நடத்தியவன் நான், கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கல்பாசியும் உங்கள் தென்னையில் இருப்பதும் இரண்டுமே லைக்கன்கள். பள்ளிக்கூடப் புத்தகத்தில் ஒரு பத்தி வரும், பரீட்சைக்குப் படித்துவிட்டு மறந்திருப்போம். லைக்கன் தனி ஒரு உயிர் இல்லை. ஒரு பூஞ்சை, அதன் உடம்புக்குள்ளே ஒரு பாசி, இரண்டும் சேர்ந்து நடத்தும் குடித்தனம். பூஞ்சை வீடு கட்டிக் கொடுக்கிறது, பாசி வெயிலில் சமைத்துப் போடுகிறது. 1860-களின் கடைசியில் சுவிட்சர்லாந்துக்காரர் ஸ்வெண்டனர் இதைச் சொன்னபோது அன்றைக்கு இருந்த பெரிய பெரிய லைக்கன் அறிஞர்கள் ஒத்துக்கொள்ளவில்லை, சண்டையே நடந்தது. கடைசியில் அவர் சொன்னதுதான் நின்றது.

நம் சமையல் கல்பாசியில் முக்கியமானது பார்மோட்ரீமா பெர்லாட்டம் என்கிற இனம். மூட்டையில் அது மட்டும் இருக்காது, பார்மோட்ரீமா டிங்க்டோரம் முதலிய சொந்தக்காரர்களும் கலந்தே வரும், பொறுக்குபவர்கள் பிரிப்பதில்லை. இந்தப் பெர்லாட்டத்தின் ஊர் எது என்று பார்த்தால் ஆச்சரியமாக இருக்கும். முதன்முதலில் இதற்கு அறிவியல் பெயர் வைத்தவர் வில்லியம் ஹட்சன் என்ற ஆங்கிலேயர், 1762-ல், இங்கிலாந்துச் செடிகொடிகளைப் பற்றி எழுதிய நூலில். அதாவது நாம் கறிக்குழம்பில் போடுவது இங்கிலாந்தின் தென்மேற்கில் சாரல் விழும் தோப்பு மரங்களிலும் வளர்கிறது. ஐரோப்பாவின் அட்லாண்டிக் கரையோரம், ஆப்பிரிக்கா, அமெரிக்கா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து என்று எங்கெல்லாம் குளிர்ச்சியும் காற்றில் ஈரமும் சேர்ந்து இருக்கிறதோ அங்கெல்லாம் உண்டு. நம் நாட்டில் இமயமலை, தெற்கே மேற்குத் தொடர்ச்சி மலையின் உயரமான பகுதிகள்.

இதன் ஓரத்தில் மாவு மாதிரி ஒரு பொடி வரிசையாக இருக்கும். ஒவ்வொரு துகளிலும் கொஞ்சம் பூஞ்சை இழை, கொஞ்சம் பாசி. காற்றில் பறந்துபோய் எங்கே ஒட்டுகிறதோ அங்கே புதிதாகக் குடித்தனம் தொடங்கிவிடும். அதனால் நம் ஊருக்கு வந்து சேர முடியாமல் போனதால் இல்லை என்று நினைக்க வேண்டாம். வந்திருக்கும், பல தடவை வந்து விழுந்திருக்கும். வாழ முடியவில்லை, அவ்வளவுதான்.

ஒரத்தநாட்டான் எழுதியது:

வாத்தியார் ஐயா சொல்வது சரி, நான் கண்ணால் பார்த்தவன். மூன்று வருடம் முன்னால் கொடைக்கானலில் ஒரு நண்பர் வீட்டுக்குப் போயிருந்தேன். காற்றில் ஒடிந்து விழுந்த பேரிக்காய்க் கிளை ஒன்று, முழுக்கக் கல்பாசி மூடி, பார்க்கவே அழகு. அதை அப்படியே சாக்கில் சுற்றி எடுத்து வந்து எங்கள் கொல்லையில் மாமரத்து நிழலில் கட்டித் தொங்கவிட்டேன். நம் ஊரில் பிடித்துக்கொண்டால் தென்னைக்கு ஊடே இன்னொரு வருமானம் ஆகுமே என்று ஆசை.

தை, மாசி நன்றாகத்தான் இருந்தது. காலைப் பனியில் பச்சையாகத் தெளிந்து நிற்கும். சித்திரை வெயிலில் காய்ந்து முறுகியது, செத்துவிட்டது என்று நினைத்தேன். ஆடியில் ஒரு மழை பெய்தது, மறுபடி மிருதுவாகி நிறம் வந்தது. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. ஆனால் ஐப்பசி அடைமழை முடிந்து கார்த்திகையில் போய்ப் பார்த்தால் நடுவிலிருந்து வெளுத்து, சில இடம் இளஞ்சிவப்பாகி, தொட்டால் கூழாக வந்தது. வெயிலில் பிழைத்தது மழையில் ஏன் செத்தது என்று இன்று வரை புரியவில்லை. தண்ணீர் ஊற்றாமல்தான் செத்தது என்றால் கூட மனது ஒத்துக்கொள்ளும்.

தாவரவியல் வாத்தியார் எழுதியது:

தம்பி, நீங்கள் ஒரு வருடம் பொறுமையாகக் கவனித்து எழுதியிருப்பதில்தான் மொத்த விடையும் இருக்கிறது.

லைக்கனுக்கு வேர் கிடையாது, இலைக்கு இருப்பது போன்ற மெழுகுத் தோல் கிடையாது. தண்ணீரைத் தேக்கி வைக்கவும் தெரியாது, வேண்டாம் என்று தடுக்கவும் தெரியாது. காற்று காய்ந்தால் அதுவும் காயும், காற்று நனைந்தால் அதுவும் நனையும். காய்ந்து கிடக்கும்போது அதன் உள்வேலை எல்லாம் நின்றுவிடும், மூச்சு விடுவது உட்பட. கடையை அடைத்துவிட்டுத் தூங்குகிற மாதிரி. அந்த நிலையில் சித்திரை வெயிலையும் தாங்கும். அதனால்தான் வருடக்கணக்கில் காய்ந்து கிடந்த லைக்கன் ஒரு தூறலில் எழுந்து உட்காரும்.

ஆபத்து நனைந்திருக்கும்போது. ஈரமாக இருந்தால் பகலில் உணவு செய்யும், இரவில் மூச்சு விடுவதற்கு அதைச் செலவு செய்யும். இந்தச் செலவு இரவின் சூட்டைப் பொறுத்தது, சூடு ஏற ஏறச் செலவும் ஏறும். கொடைக்கானல் 2,100 மீட்டர் உயரம், மழைக்கால இரவு நல்ல குளிர், செலவு குறைவு, பகலில் சம்பாதித்தது மிஞ்சும். நம் ஊரில் தஞ்சாவூரே 60 மீட்டருக்குள், கிழக்கே போகப் போகக் கடல்மட்டம்தான். வடகிழக்குப் பருவமழையில் ஒரு வாரம் விடாமல் நனைந்திருக்கும், வானம் மூடிக்கிடப்பதால் பகலில் வரவு குறைவு, இரவு முழுக்கப் புழுக்கத்தில் செலவு. வரவை மீறிய செலவு நாள் கணக்கில் நடந்தால் எந்தக் குடும்பமும் தாங்காது. உங்கள் கிளையில் நடந்தது அதுதான். வெப்பமண்டலச் சமவெளிகளில் பெரிய இலை போன்ற லைக்கன்கள் அபூர்வமாக இருப்பதற்கு இதுவே பெரிய காரணம் என்று ஆய்வாளர்கள் அளந்து காட்டியிருக்கிறார்கள்.

ஆக, தண்ணீர் இருக்கிறதே என்று பாமணிக்கரை அம்மா கேட்டதற்கு விடை, தண்ணீர் வருகிற நேரத்துச் சூடுதான் இங்கே தடை. நம் காவிரி புறப்படுகிற குடகில் காப்பித் தோட்டத்து நிழல் மரங்களைப் பாருங்கள், பார்மோட்ரீமா இனங்கள் விரிந்து கிடக்கும். அதே ஆறு, அதே தண்ணீர். இங்கே வந்து சேரும்போது நிலம் தாழ்ந்துவிடுகிறது, இரவு சூடாகிவிடுகிறது.

பேராவூரணித் தென்னை எழுதியது:

நான் மாமியார் சொன்ன சொறி விஷயத்துக்கு வருகிறேன், அதை யாரும் இன்னும் தொடவில்லை.

அந்தச் சாம்பல் திட்டால் தென்னைக்கு ஒரு கெடுதலும் கிடையாது. வேர் விட்டு உறிஞ்சுவதில்லை, தொற்றிக்கொண்டு மட்டும் இருக்கிறது. தென்னையில் பயப்பட வேண்டியது வேறு. அடிமரத்தில் வெடிப்பு விட்டுச் செம்பழுப்பாகச் சாறு வடிகிறதா, கீழ்மட்டை வாடித் தொங்குகிறதா, மரத்தின் அடியில் தூரோடு ஒட்டிப் பலகை மாதிரி காளான் முளைக்கிறதா, இதைப் பாருங்கள். அதுதான் தஞ்சாவூர் வாடல் நோய், நம் மாவட்டத்துப் பெயரையே வாங்கிக்கொண்ட நோய், கானோடெர்மா என்ற பூஞ்சையால் வருவது. அதற்கும் இந்தத் திட்டுக்கும் சம்பந்தமே இல்லை. அரிவாளால் சுரண்டினால் மரத்தில் காயம் விழும், காயம் பட்ட இடத்தில் வண்டு வந்து உட்காரும். சும்மா இருந்த மரத்துக்கு நாமே வினை வைப்பது அது.

எனக்கு இந்தத் திட்டு என்றால் இப்போது ஒரு பிரியம். 2018 நவம்பர் 16 விடியற்காலை கஜா புயல் எங்கள் தோப்பில் 140 மரத்தில் 112-ஐச் சாய்த்தது. எல்லாம் அப்பா கையால் வைத்தது, ஒவ்வொரு மரமும் திட்டுத் திட்டாக யானைத் தோல் மாதிரி இருக்கும். விழுந்த மரத்தை எடுக்க ஆள் கிடைக்காமல் மாதக்கணக்கில் கிடந்தது, கிடந்த மரத்தில் அந்தத் திட்டெல்லாம் வெளுத்து உரிந்தது. மறுபடி கன்று வைத்தோம். கன்று வளர்ந்து தண்டு தெரிய ஆரம்பித்திருக்கிறது, வழவழவென்று வெறுமையாக நிற்கிறது. போன மார்கழியில் ஒரு மரத்தில் பட்டாணி அளவுக்கு ஒரு பச்சைச் சாம்பல் புள்ளி. வீட்டில் எல்லோரையும் கூட்டிப் போய்க் காட்டினேன். தோப்பு திரும்பி வருகிறது என்று எனக்கு அப்போதுதான் தோன்றியது.

பாமணிக்கரை எழுதியது:

அண்ணே, இதைப் படித்து மாமியாருக்கும் காட்டினேன். அவரும் கஜாவில் விழுந்த மரங்களை நினைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். சுண்ணாம்பு அடிப்பதை நிறுத்தியாகிவிட்டது.

வாத்தியார் ஐயா, படம் போட்டிருக்கிறேன், எங்கள் மரத்தில் இருப்பதற்குப் பெயர் உண்டா?

தாவரவியல் வாத்தியார் எழுதியது:

உண்டு. படத்தைப் பார்த்தவரை இரண்டு மூன்று இனம் கலந்து இருக்கிறது. நம் சமவெளித் தென்னையில் சாதாரணமாக இருப்பவை பிக்சைன் கோக்கோஸ், டிரினேரியா அப்லனாட்டா. இரண்டும் மரத்தோடு அழுந்திக் கிடக்கும், ஓரத்தில் சின்னச் சின்ன விரல் போல் பிரிந்திருக்கும், மேலே மாவுப் பொடி இருக்கும். நுண்ணோக்கி இல்லாமல் சட்டென்று பிரிப்பது கஷ்டம்.

பிக்சைன் கோக்கோஸ் என்ற பெயரிலேயே தென்னை இருக்கிறது. ஓலாஃப் ஸ்வார்ட்ஸ் என்ற சுவீடன் நாட்டவர் மேற்கிந்தியத் தீவுகளில் சுற்றிச் சேகரித்துவிட்டு 1788-ல் பெயர் வைத்தார். கரிபியக் கடல் தீவில் தென்னையில் இருந்தது மன்னார்குடித் தென்னையிலும் இருக்கிறது. கல்பாசிக்கு உலகம் முழுக்கக் குளிர்ச் சாரல் பூமி என்றால் இதற்கு உலகம் முழுக்க வெயில் பூமி. புழுக்கமான இரவையும் சமாளிக்கிறது, ரோட்டோரத் தூசிப் புகையிலும் ஓரளவு தாக்குப்பிடிக்கிறது. அதனாலேயே நம் நாட்டில் காற்று மாசை அளக்க இதை எடுத்துப் பயன்படுத்துகிறார்கள்.

ஒரு சோதனை வீட்டிலேயே செய்யலாம். ரூபாய் நோட்டு சோதிக்கிற புற ஊதா டார்ச் இருக்கிறதே, அதில் 365 நானோமீட்டர் என்று போட்டதாக வாங்கி, இருட்டின பிறகு மரத்தில் அடித்துப் பாருங்கள். பிக்சைன் கோக்கோஸ் மேல்தோலில் லைக்கெக்சாந்தோன் என்ற பொருள் இருக்கிறது, அது மஞ்சளாக ஒளிரும். டிரினேரியா அப்படி ஒளிராது.

கல்வெட்டுப் பித்தன் எழுதியது:

பேச்சு கொஞ்சம் திசை மாறினாலும் பரவாயில்லை என்று கேட்கிறேன். கல்லில் வளரும் லைக்கன் நம் டெல்டாவில் இருக்கவே கூடாது அல்லவா? கும்பகோணத்துக்குக் கிழக்கே எங்கே தோண்டினாலும் வண்டலும் களிமண்ணும்தான், பாறை என்று ஒன்றைப் பார்க்கவே முடியாது. அம்மிக்கல்லே வெளியூரிலிருந்துதான் வர வேண்டும். ஆனால் கோயில் மதிலில், கோபுரத்து அடித்தளத்தில், தூணில் வெள்ளையும் கறுப்பும் மஞ்சளுமாகத் திட்டுகள் இருக்கின்றன.

நான் யோசித்துப் பார்த்தது இது. 10-ஆம் நூற்றாண்டில் சோழ அரசி செம்பியன் மாதேவியார் செங்கல் கோயில்களைக் கற்றளிகளாக, அதாவது கல் கோயில்களாக, மாற்றினார். பிறகு 1010-ல் பெரிய கோயில், தொடர்ந்து தாராசுரம், நூற்றுக்கணக்கில் ஊர்க் கோயில்கள். எங்கிருந்தோ வண்டியில் ஏற்றி வந்த கருங்கல் ஒவ்வொன்றும் இந்த வண்டல் பூமியில் ஒரு தீவு மாதிரி. பாறையில் மட்டுமே வாழத் தெரிந்த லைக்கன்களுக்கு நம் ஊரில் இடம் கிடைத்ததே அந்தக் கற்றளிகளால்தான் இருக்க வேண்டும். சோழர்கள் சுவாமிக்கு வீடு கட்டும்போது இதற்கும் சேர்த்து வீடு கட்டியிருக்கிறார்கள்.

அதே சமயம் ஒரு கல்வெட்டை வாசிக்க உட்காரும்போது எழுத்தின் பள்ளத்தில் இது அடைத்துக்கொண்டு கிடந்தால் எனக்கு வயிறு எரிகிறது. 'ஸ்வஸ்திஸ்ரீ' வரைக்கும் தெளிவாக இருக்கும், அரசன் பெயர் வருகிற இடத்தில் திட்டு.

கொடிக்கால் எழுதியது:

அதற்காக மணல் பீய்ச்சி அடித்து விடாதீர்கள் என்று கையெடுத்துக் கேட்டுக்கொள்கிறேன். எங்கள் ஊர்க் கோயிலில் கும்பாபிஷேகத்துக்கு முன்னால் அப்படி ஒரு வேலை நடந்தது. நான் சின்ன வயதில் விரலால் தடவித் தடவி எழுத்துக்கூட்டிய கல்வெட்டு அது. திட்டோடு சேர்ந்து எழுத்தும் போய்விட்டது. கல் புதிதாக வந்த மாதிரி வெளுப்பாக இருக்கிறது, கையை வைத்தால் சொரசொரப்பு மட்டும்தான்.

தாவரவியல் வாத்தியார் எழுதியது:

லைக்கன் கல்லுக்குக் கெடுதல் செய்யாது என்று நான் சொல்ல மாட்டேன். அதன் இழை கல்லின் துகள்களுக்கு நடுவே இறங்கும், ஆக்சாலிக் அமிலம் சுரக்கும், மேல்பரப்பு மெள்ள மெள்ள இளகும். மலையைப் பாறையாக, பாறையை மண்ணாக ஆக்குகிற வேலையின் முதல் கை அது. ஆனால் அதன் வேகம் வேறு, மணல் பீய்ச்சும் இயந்திரத்தின் வேகம் வேறு. லைக்கன் நூறு வருடத்தில் செய்வதை இயந்திரம் ஒரு முற்பகலில் செய்துவிடும். கல்வெட்டு உள்ள இடத்தில் மட்டும் பழகிய ஆட்கள் மிருதுவான தூரிகையால் எடுக்கலாம், எழுத்து இல்லாத மதிலில் அப்படியே விட்டுவிடலாம் என்பது என் கட்சி.

கல்வெட்டுப் பித்தன் சொன்ன தீவு விஷயத்தை ஒத்துக்கொள்கிறேன், ஒரு திருத்தத்தோடு. செங்கல்லிலும் சுண்ணாம்புக் காரையிலும் வளர்கிற இனங்களும் உண்டு, அவை கற்றளிக்கு முன்பே இங்கே இருந்திருக்கலாம். கருங்கல்லை மட்டுமே விரும்புபவைக்குத்தான் உங்கள் கணக்கு பொருந்தும்.

அலையாத்தி எழுதியது:

முத்துப்பேட்டைக்காரன் நான். எல்லோரும் மலையையும் தோப்பையும் பேசுகிறீர்கள், கடலோரத்தை விட்டுவிட்டீர்கள். பாமணிக்கரை அக்கா, உங்கள் பாமணி ஆறு கடைசியில் எங்கள் காயலில்தான் வந்து சேர்கிறது. தண்ணீர் வருகிற வழியிலேயே நீங்களும் ஒரு நாள் வாருங்கள்.

எங்கள் பக்கம் கடலை ஒட்டிய மரங்களில் சாம்பல் நிற நாடா மாதிரி ஒன்று கொத்துக் கொத்தாகத் தொங்கும். தோல் வார் மாதிரி மடங்கும், உடையாது. கோடியக்கரைப் பக்கமும் பார்த்திருக்கிறேன். ரொம்ப நாள் இதைக் காய்ந்த நார் என்று நினைத்தேன். படம் எடுத்து ஒரு ஆராய்ச்சி மாணவரிடம் காட்டினபோது ரோசெல்லா மொன்டாக்னை என்றார். கடற்காற்று படுகிற இடம்தான் இதற்கு வேண்டும். நம் கிழக்குக் கரை, இலங்கை, கடல் தாண்டி மடகாஸ்கர், கிழக்கு ஆப்பிரிக்கக் கரை, இந்தோனேசியா என்று இந்துமாக்கடலைச் சுற்றி மாலை போட்ட மாதிரி இதன் ஊர். உள்நாட்டுக்குள் போகப் போகக் குறைந்து மறைந்துவிடும். நீடாமங்கலத்தில் தேடினேன், ஒன்று கூடக் கிடைக்கவில்லை.

இந்த ரோசெல்லா குடும்பத்திலிருந்துதான் லிட்மஸ் எடுத்தார்கள் என்று அந்த மாணவர் சொன்னபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. பள்ளிக்கூட ஆய்வகத்தில் எலுமிச்சைச் சாற்றில் நீலத் தாளை நனைத்துச் சிவப்பாக்கினோமே, அதே லிட்மஸ். ஊதாச் சாயத்துக்காக ஒரு காலத்தில் கிழக்கு ஆப்பிரிக்காவிலிருந்தும் இலங்கையிலிருந்தும் கப்பல் கப்பலாக ஏற்றுமதி ஆகியிருக்கிறது. உதிர்ந்து கிடந்த துண்டு ஒன்றில் பிளீச்சிங் தண்ணீர் ஒரு சொட்டு விட்டுப் பார்த்தேன், விட்ட இடம் உடனே சிவந்தது.

இதற்குப் பெயர் வைத்த பெலாஞ்சே பிரெஞ்சுக்காரர், 1820-களில் புதுச்சேரித் தாவரவியல் தோட்டத்தைக் கவனிக்க வந்தவர். நம் கரையோரத்துக்குப் பக்கத்தில் நின்று பார்த்தவர் என்பதில் எனக்கு ஒரு நெருக்கம்.

ஒரே ஒரு வேண்டுகோள். மரத்திலிருந்து பிய்க்காதீர்கள். கோடியக்கரை சரணாலயம், அங்கே ஒரு சருகு கூட எடுக்கக் கூடாது. சரணாலயத்துக்கு வெளியிலும் வேண்டாம், ஒரு கொத்து அந்த நீளத்துக்கு வர எத்தனை வருடம் ஆகியிருக்குமோ.

கும்பகோணம் மளிகை எழுதியது:

அலையாத்தி தம்பி சொன்ன வருடக் கணக்கு எனக்கு உறைக்கிறது. கல்பாசி வருடத்துக்குச் சில மில்லிமீட்டர்தான் விரியும் என்று வாத்தியார் ஐயா என்னிடம் ஒரு தடவை கடையில் சொன்னார். அன்றிலிருந்து உள்ளங்கை அகல இதழ் மூட்டையில் வந்தால் அதைத் தனியாக எடுத்துக் கொஞ்ச நேரம் பார்ப்பேன். ஒரு பிள்ளை பிறந்து பள்ளிக்கூடம் முடிக்கிற காலம் அதற்குள் இருக்கிறது. பிரியாணிக்கு ஒரு கைப்பிடி அள்ளிப் போடுபவர்களைப் பார்த்தால் ஒரு கிலோ கறிக்கு இரண்டு மூன்று இதழ் போதும் என்று சொல்லி அனுப்புகிறேன். அதிகம் போட்டால் கசக்கும் என்பதும் உண்மை.

முறத்தில் காய வைத்தவர்களிடம் இன்னொரு காரணமும் சொல்லுங்கள் அம்மா. லைக்கன் காற்றில் வருவதை எல்லாம் வடிகட்டாமல் உள்ளே வாங்கி வைத்துக்கொள்ளும், ஈயம் மாதிரி உலோகம் உட்பட. தோப்பு ரோட்டோரமாக இருந்தால் வண்டிப் புகை, தோப்பில் மருந்து அடித்திருந்தால் மருந்து. யாராவது அதைக் கொண்டுவந்து விற்கக் கேட்டால் நான் வாங்க மாட்டேன்.

தாவரவியல் வாத்தியார் எழுதியது:

புகையைப் பற்றி மளிகைக்காரர் சொன்னதால் ஒன்று சேர்க்கிறேன். 1866-ல் நைலாண்டர் என்ற பின்லாந்துக்காரர் பாரிஸில் லக்சம்பர்க் தோட்டத்து மரங்களைப் பார்த்து, நகரத்தில் மற்ற இடங்களில் மறைந்துபோன லைக்கன்கள் இங்கே மட்டும் இருக்கின்றன, இவை காற்றின் சுத்தத்தைச் சொல்லும் அளவுகோல் என்று எழுதினார். உங்கள் தென்னை லைக்கனைப் பிக்சைன் என்ற பேரினத்தில் சேர்த்துப் பெயர் மாற்றியவரும் அதே நைலாண்டர்தான். ஸ்வெண்டனர் சொன்னதைக் கடைசி வரை ஏற்காதவரும் அவரே.

கும்பகோணத்திலிருந்து கிராமத்துக்குள் போகிற எந்தச் சாலையிலும் பழைய இலுப்பை, புளிய மரங்களைப் பார்த்துக்கொண்டே போங்கள். பேருந்து நிலையத்தை ஒட்டி மரப்பட்டை வெறும் கறுப்பு. நாலைந்து கிலோமீட்டர் தள்ளி முதல் திட்டு தெரியும். வாய்க்கால் கரையில் ஊருக்குள் போனால் ஒரே மரத்தில் நாலு நிறம், பட்டையில் யாரோ கரிக்கோலால் கிறுக்கின மாதிரி கறுப்புக் கோடுகள் கூட இருக்கும். அதுவும் லைக்கன்தான், கிராஃபிஸ் என்று பெயர், எழுதுவதைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது.

ஒரத்தநாட்டான் எழுதியது:

ஐயா, நான் அந்தப் பேரிக்காய்க் கிளையை இன்னும் வைத்திருக்கிறேன், காய்ந்த குச்சியாக. இனி மலையிலிருந்து எதையும் கொண்டு வரப் போவதில்லை. எங்கள் மாமரத்தில் ஏற்கெனவே என்னென்ன இருக்கிறது என்று நேற்று எண்ணினேன், நிறம் வைத்துப் பார்த்தால் ஆறு. இத்தனை நாள் அந்த மரத்தில்தான் கல்பாசியைக் கட்டித் தொங்கவிட்டுக் கவனித்துக்கொண்டிருந்தேன், இந்த ஆறையும் பார்க்கவே இல்லை.

பாமணிக்கரை எழுதியது:

டார்ச் வந்தது. முதலில் வாங்கியது 395, அதில் எல்லாம் ஊதாவாகவே தெரிந்தது, மாற்றி 365 வாங்கினோம். நேற்று ராத்திரி எட்டு மணிக்கு மின்சாரம் போன நேரம், தோப்பில் கும்மிருட்டு. நானும் மகளும் மாமியாரும் போனோம். முதல் மரத்தில் ஒன்றும் இல்லை, மங்கலாகவே இருந்தது. இரண்டாவது மரத்தில் அடித்ததும் இடுப்பு உயரத்திலிருந்து மேலே வரைக்கும் மஞ்சள் மஞ்சளாகத் திட்டுகள் ஒளிர்ந்தன, நடுநடுவே ஒளிராத திட்டுகளும் இருந்தன. வாத்தியார் ஐயா சொன்ன இரண்டும் ஒரே மரத்தில் ஓரம் ஒட்டிக் கிடக்கிறது.

மாமியார் டார்ச்சை வாங்கிக்கொண்டு வரிசையாக ஒவ்வொரு மரமாக அடித்துக்கொண்டே போனார். 60 மரத்தில் 41 ஒளிர்ந்தது. ஒளிராத 19-ல் பெரும்பாலானவை ரோட்டை ஒட்டிய வரிசை, அதில் சிலவற்றுக்கு நாங்களே பொங்கலுக்குப் பொங்கல் சுண்ணாம்பு அடித்துக்கொண்டிருந்தோம். பக்கத்துத் தோப்புக்காரரும் சத்தம் கேட்டு வந்தார், அவர் சுரண்டின மரத்தில் அடித்துப் பார்த்தோம், அரிவாள் படாத ஒரு விரலகலத்தில் மட்டும் மஞ்சள் இருந்தது. முறத்தில் இருந்ததை இன்று காலையில் எருக்குழியில் கொட்டிவிட்டார்.